எதிரிகளே என்று தொடங்கிய உரை

முதல் உலகப் போர் முடிந்த பிறகு எங்கள் சர்வதேச உளப்பகுப்பாய்வுச் சங்கம் முதன்முதலாக ஹேக் நகரில் கூடியது. டச்சுக்காரர்கள் நாங்கள் போரில் சேராதவர்கள். அதனால் வந்தவர்களுக்கு இடமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. புடாபெஸ்ட்டிலிருந்து வந்த டாக்டர் இல்கா சென்ட்ரெய் என் வீட்டில் தங்கியிருந்தாள். காலையில் ரொட்டியையும் வெண்ணெயையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிடும்மா."

"தொண்டையில இறங்கல டாக்டர். இன்னிக்கு என்னை உறுப்பினராச் சேர்த்துக்கலைன்னா பெர்லின்ல தர்றதாச் சொன்ன வேலை போச்சு. திரும்பிப் போகவும் ஊர் இல்ல."

அவள் ஊரில் அவளைப் போன்ற யூத மருத்துவர்களை வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். இங்கே உரை வாசித்ததும் வாக்கெடுப்பு. இங்கிலாந்துக்காரர்கள் கை தூக்காமல் பெரும்பான்மை சேராது.

இல்கா மேடை ஏறினாள்.

"அன்புள்ள எதிரிகளே" என்று ஜெர்மனில் தொடங்கினாள்.

ஜெர்மனில் நண்பன், எதிரி இரண்டுக்கும் ஓசை நெருக்கம். வேறு சபையென்றால் சிரித்து மறந்திருப்பார்கள். நாக்கு தவறி வரும் சொல்லே மனதின் உண்மை என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர்கள் நாங்கள்.

"பொண்ணு மனசைத் திறந்தே காட்டிருச்சு" என்றார் பின்வரிசையிலிருந்த பெர்லின்காரர் கெல்னர்.

"சும்மா இருய்யா. டில்லி முகத்தைப் பாரு" என்று அதட்டினேன்.

டில்லி இங்கிலாந்துக் குழுவின் மூத்தவர். இல்காவின் நாடு எதிரணியில் நின்ற அந்தப் போரில் ஒரே மகனைப் பறிகொடுத்தவர். கோட்டுக் கையில் இன்னும் துக்கத்தின் கறுப்புப் பட்டை இருந்தது.

"நான்... நண்பர்களேன்னுதான்..." என்றாள் இல்கா.

டில்லி எழுந்தார். அவர் வெளியேறினால் அவருடைய ஆட்கள் எல்லோரும் வெளியேறுவார்கள். ஆண்டவரே, அவரை உட்கார வையும் என்று வேண்டிக்கொண்டேன்.

"தைரியமாப் படிங்க, மகளே" என்றார் அவர், ஜெர்மனில். உடனே நெற்றியில் தட்டிக்கொண்டார். "அடடா, டாக்டர்னு சொல்ல வந்தேன்."

அந்த இரண்டு சொற்களும் ஜெர்மனில் கிட்டத்தட்ட ஒரே ஓசைதான்.

"இதுக்கும் அர்த்தம் சொல்லணுமா?" என்று கெல்னர் சிரித்தார்.

"சொல்லுங்களேன். எனக்குப் பொண்ணு கிடையாது. பையனும் இப்ப இல்ல."

கெல்னர் தலைகுனிந்துகொண்டார். டில்லி உட்கார்ந்தார். இல்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசித் தாள்வரை வாசித்தாள். வாக்கெடுப்பில் முதலில் உயர்ந்தது கறுப்புப் பட்டை கட்டிய கைதான். அதன் பின்னால் மற்ற இங்கிலாந்துக் கைகள். கொஞ்சம் தயங்கி, கெல்னருடையதும்.

படிக்கட்டில் இல்கா டில்லியை மறித்தாள். "நிஜமாவே நாக்கு தவறித்தான் சொன்னீங்களா?"

"என் ஜெர்மன் ரொம்பச் சுமார்மா" என்று தொப்பியைத் தொட்டுவிட்டு இறங்கினார்.

முந்தின நாள் விருந்தில் இரண்டு மணி நேரம் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஜெர்மனியில், லைப்சிக்கில் படித்தவர். அவர் பேசிய ஜெர்மனில் ஒரு சொல்கூடப் பிசகவில்லை.

அதை நான் இல்காவிடம் சொல்லவில்லை. "வாம்மா, ரொட்டி அப்படியே இருக்கு" என்று வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.