வலித்தால் நல்லது

தோவாளையில் பிச்சிப்பூ கட்டுவதில் என் தங்கை பூங்கனியை மிஞ்ச ஆளில்லை. வாழைநாரை எடுத்து உட்கார்ந்தால் வாயும் ஓயாது, கையும் ஓயாது. அப்படிப்பட்டவளுக்கு வலது முழங்கைக்குக் கீழே வெளிறிய தேமல் ஒன்று விழுந்தது. சுண்டுவிரலை நார் அறுத்து ரத்தம் வந்தும் அவளுக்குத் தெரியவில்லை. பெருநோய், குஷ்டம்தான் என்றார் டாக்டர் ஜேசுதாஸ். அது 1952. புதிதாக மாத்திரை வந்திருக்கிறது, விடாமல் தின்றால் குணமாகும், வலியோ வீக்கமோ கண்டால் உடனே வரவேண்டும் என்றார்.

மாதாமாதம் பஸ் ஏறிப் போனோம். அவளைக் கண்ணை மூடச் சொல்லி, தேமலில் ஊசியால் குத்துவார் டாக்டர்.

"வலிக்கா?"

"இல்ல."

டாக்டர் முகம் வாடிவிடும். அந்த 'இல்ல'தான் நோயே என்று எனக்குப் பட்டது.

ஐந்தாம் மாதம் தேமல் சிவந்து தடித்தது. முழங்கையிலிருந்து சுண்டுவிரல் வரை தீயாய் எரிகிறது என்று அழுதாள்.

"அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

"போடி பைத்தியக்காரி! வலிக்குன்னா உணர்ச்சி திரும்பியாச்சுன்னு அர்த்தம். பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்க மக்கா. மாசம் திகைஞ்சு அடுத்த தடவை போகும்போ டாக்டர்கிட்ட வலிக்குன்னு சொல்லு, அவரே சந்தோசப்படுவாரு."

நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். சந்தோஷத்தில் பாயசம் வேறு வைத்தேன். அவள் இடது கையால் வாங்கிக் குடித்தாள்.

இருபது நாளில் எரிச்சல் அடங்கியது. பூக்கட்ட உட்கார்ந்தாள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கியே நின்றன. பிடித்து நிமிர்த்தினாலும் மறுபடி மடங்கின.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்த விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தார்.

"மருந்து கிருமியைக் கொன்னுட்டுதான் இருந்துது. செத்த கிருமியைக் கண்டு உடம்பு சண்டைக்கு எழும்பிச்சு. அந்தச் சண்டையில நரம்பு வீங்கி நசுங்கிப்போச்சு. எரிஞ்ச அன்னைக்கே வந்திருந்தா கையைக் கட்டிப்போட்டு வீக்கத்தைத் தணிச்சிருப்பேன். இனி இந்த ரெண்டு விரலும் நிமிராது."

அந்தப் பாயசத்தை நினைத்து என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

"இருபது நாள் பொறுத்துக்கிட்டு இருன்னு யாரு சொன்னது?" டாக்டர் கோபமாகக் கேட்டார்.

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். பூங்கனி முந்திக்கொண்டாள்.

"ஒருத்தரும் சொல்லல்ல டாக்டரே. அக்கா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வாடின்னு விளிச்சா. நான்தான் வரல்ல."