கிணற்றில் ஊற்றிய ஒரு லாரித் தண்ணீர்

எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலில் விமானம் ஏறியது கிணற்றுத் தண்ணீர்தான். 2007இல் அது பரிசோதனைக்காக ஜெர்மனி போனது. நான் விமான நிலையம் இருக்கும் பக்கத்துத் திரிசூலத்தைத் தாண்டவில்லை. அனுப்பியவள் பக்கத்து வீட்டு அக்தர் பாயின் மகள் சோயா, ஆராய்ச்சி மாணவி. பல்லாவரத்தில் எங்கள் தெருக்கோடியில் மூடிக்கிடந்த பட்டறையில், இரும்பின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிய திரவம் மண்ணில் இறங்கி என் கிணற்றுக்கு வந்துவிட்டது. விஷம் குறைவதாக அறிக்கை வந்தால் கிணறு பிழைக்கும். இல்லையென்றால் ஜல்லி கொட்டி மூடிவிடுவதாக நகராட்சியில் சொல்லிவிட்டார்கள். அந்தக் கிணற்றுக்குள் தூர்வார இறங்கியபோது ஓர் ஆமை என்னிடம் மணி கேட்டிருக்கிறது. எப்படி விடுவேன்?

"அந்த விஷத்துல லேசான கார்பனும் இருக்கு, கனமானதும் இருக்கு அங்கிள். மண்ணுல இருக்கற கிருமிங்க லேசானதைத்தான் முதல்ல தின்னும். மிஞ்சினது கனமாகிட்டே வந்தா, தின்னுதுன்னு அர்த்தம். இதுதான் ஐசோடோப்பு கணக்கு" என்றாள் சோயா.

"பிரியாணியில பீஸ் தீர்ந்து சோறா மிஞ்சினா, எவனோ கை வெச்சிருக்கான். அதானே?"

"அதேதான்."

புரிந்துதான் இருந்தது. ஆனாலும் கிருமிகளை நம்பி எப்படி இருப்பது? மார்ச் மாதம் அவள் மூன்றாம் முறை தண்ணீர் எடுக்க வருவதற்கு முந்தின நாள், ஒரு லாரித் தண்ணீரைக் கிணற்றில் இறக்கினேன். டிரைவர் தசரதன், "இன்னா சார், கெணத்துக்கே தண்ணியா?" என்றான். கிணற்றுக்குப் பிறந்தநாள் என்றேன். வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனான்.

ஒன்றரை மாதம் கழித்து சோயா காகிதத்தோடு வந்தாள். உட்காரவில்லை.

"விஷம் பாதியா குறைஞ்சிருக்கு. தண்ணி ஊத்தினீங்களா அங்கிள்?"

"மழைம்மா."

"மார்ச்லயா? எங்க வீட்டு மாடி காஞ்சு கிடந்துதே."

"சின்ன மேகம். கிணத்தளவுதான் இருந்துது."

அவள் சிரிக்கவில்லை. "தண்ணி ஊத்தினா அளவுதான் குறையும், கனம் மாறாது. கனம் ஏறியிருக்கு, ஆனா பாதி குறையற அளவுக்கு ஏறலை. கால் பங்கு கிருமிங்க தின்னது. மீதி உங்க வேலை. நீங்க சும்மா இருந்திருந்தாலே கிணறு தப்பிச்சிருக்கும். இப்ப இந்தக் கணக்கை யாரு நம்புவா?"

அறுபத்தெட்டு வருடமாக என் பொய்யை ஆதாரத்தோடு பிடித்தவர் யாருமில்லை. பிடித்தவள் நம் தெருப் பெண். நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, முகத்தைத்தான் தொங்கப்போட்டுக்கொண்டேன்.

"எவ்ளோ ஊத்தினீங்கன்னு எழுதிக் கையெழுத்து போடுங்க. அறிக்கையில சேக்கறேன்."

எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பன்னெண்டாயிரம் லிட்டர். நெஜமாவா?"

சற்று யோசித்தேன். பேனாவைத் திருப்பி வாங்கி, பன்னிரண்டை அடித்து ஒன்பது என்று எழுதினேன்.

அவள் மறுபடி மாதிரி எடுக்கக் கிணற்றடிக்குப் போய் வாளியை இறக்கினாள். விஷம் காற்றோடு தப்பிவிடாமலிருக்க, சிறு கண்ணாடிக் குப்பியை விளிம்புவரை நிரப்பி மூடி, தலைகீழாகக் கவிழ்த்து வெயிலில் பிடித்தாள். உள்ளே ஒரு காற்றுக்குமிழிகூட இல்லை.