காற்றில் கொடுத்த ஞானஸ்நானம்

ஹால்கி கிராமத்தைத் தாண்டும்வரை மொஸ்கூலாவுக்கு ஒரு கவலையும் இல்லை. மருமகனாகப் போகிற சிதெரிஸ் கார் ஓட்ட, மகள் அர்கிரோ ஆரஞ்சு உரித்து அவனுக்கு ஊட்ட, பின்சீட்டில் இனிப்புப் பெட்டிகளுக்கு நடுவே இன்னொரு பெட்டியாக அவள் உட்கார்ந்திருந்தாள். ஈஸ்டர் கழிந்ததும் கல்யாணம். மலையூர்ச் சொந்தங்களை அழைக்க பிப்ரவரியை விட்டால் வேறு மாதம் கிடையாது. கோடையில் நாக்ஸோஸ் தீவே சுற்றுலாக்காரர்களுக்குச் சோறு போட ஓடிக்கொண்டிருக்கும். இப்போது கடைகளெல்லாம் நாற்காலியைக் கவிழ்த்துவிட்டுத் தூங்கின. யாரைத் தேடிப் போனாலும் வீட்டில் இருப்பார்கள்.

"கடைசியா கொரோனோஸ், அத்தை. எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஞானப்பாவைப் பார்க்கணும். கல்யாணத்துல எங்க ரெண்டு பேர் தலையிலயும் கிரீடம் மாத்த அவரு வந்தே ஆகணும்," என்றான் சிதெரிஸ்.

"அவரு பேரு என்ன தம்பி? நீ சொன்னதே இல்லையே."

"யாகோவோஸ். சாணைக்கல் சுரங்கத்துல அப்பாவோட லாரி ஓட்டினவரு. இடது கையில ரெண்டு விரல் கிடையாது. ஆனா ஸ்டியரிங்கைப் பிடிச்சார்னா..."

அதற்குமேல் அவன் சொன்னது எதுவும் அவள் காதில் விழவில்லை. அந்த மூன்று விரல் கையை அவள் முன்பே பார்த்திருந்தாள்.

அர்கிரோ பிறந்தது இதே மலைச்சாலையில்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கார் பனியில் சிக்கிக்கொள்ள, புருஷன் ஆள் தேடி ஓட, பின்னால் வந்த லாரிக்காரர்தான் அவளைத் தூக்கி உள்ளே படுக்க வைத்தார். பிள்ளை நீலமாக வந்தது. அழவில்லை. ஞானஸ்நானம் இல்லாமல் ஒரு சிசு போகக் கூடாது. பாதிரியார் இல்லாத இடத்தில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், தண்ணீர்கூட வேண்டாம், மூன்று முறை காற்றில் தூக்கினால் போதும். "ஏற்கெனவே ஒரு பையனுக்குக் கொடுத்த கைம்மா இது," என்று அவர் தயங்கினார். பிறகு தூக்கினார். பிதா, மகன், பரிசுத்த ஆவி. மூன்றுக்கும் ஆமென் சொன்னவள் மொஸ்கூலா. மூன்றாவது ஆமெனுக்கு அப்புறம்தான் பிள்ளை வீறிட்டது.

பிறகு கோயிலில் முறைப்படி ஞானஸ்நானம் நடந்தபோது அவள் அதைச் சொல்லவில்லை. நாத்தனார்தான் ஞானத்தாய் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. அந்த நாத்தனாரின் வாயை அறிந்தவர்கள் மொஸ்கூலாவைக் குறை சொல்ல மாட்டார்கள்.

ஆனால் ஒரே ஞானப்பாவின் கையால் ஞானஸ்நானம் பெற்ற பையனும் பெண்ணும் அண்ணன் தங்கை முறை. அதனால்தான் ஒரு பையனுக்குக் கொடுத்தவர் கடைசிவரை பையன்களுக்கே கொடுப்பார். முறை தவறிய கல்யாணத்துக்கு எந்தப் பாதிரியாரும் கதவு திறக்க மாட்டார். சிதெரிஸே ஒப்புக்கொள்வானா? ஒரு விரதத்தையும் விடாதவன் அவன். அவன் போய்விட்டால் அர்கிரோ உடைந்துபோவாள்.

"தம்பி, நிறுத்து. அந்தக் கோயில்ல ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்துடறேன்."

கோயில் பூட்டியிருந்தது. சாவி பாலாடைக்கட்டிக்காரர் வீட்டில். அவரோ ஆடுகளோடு மலையில். அவர் இறங்கி வரட்டும் என்று மொஸ்கூலா குளிரில் அசையாமல் நின்றாள். ஃபிலோட்டியில் இன்னொரு கோயில். அபிராந்தோஸில் அழைக்க வேண்டிய வீடு ஒன்று, அவள் ஏறிய கோயில் மூன்று. இருட்டிவிட்டால் திரும்பத்தானே வேண்டும்?

"அம்மா, இந்தத் தீவுல இருக்கற கோயிலை எல்லாம் இன்னிக்கே முடிச்சுடறதா உத்தேசமா?" என்று சீறினாள் அர்கிரோ. "புனிதர்களே பாவம், குளிர்காலத்துல கொஞ்சம் தூங்கட்டும்."

"விடு, நம்ம கல்யாணத்துக்குத்தானே வேண்டிக்கறாங்க," என்றான் சிதெரிஸ்.

அந்த நல்ல வார்த்தைதான் அவளை அதிகம் குத்தியது. அவள் மாதாவிடம் வேண்டிக்கொண்டிருந்தது டயர் வெடிக்க வேண்டும் என்று.

டயர் வெடிக்கவில்லை. மூடுபனி இறங்கியது, அதிலும் பையன் ஓட்டினான். உடம்பு முடியவில்லை என்றாள். "அஞ்சே நிமிஷம் அத்தை, ஞானப்பா மூலிகைக் கஷாயம் போட்டுத் தருவாரு," என்றான்.

யாகோவோஸ் வாசலிலேயே நின்றிருந்தார். ஞானமகனைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டவர், அவன் தோளுக்கு மேலாக மொஸ்கூலாவைப் பார்த்தார். பார்வை அங்கேயே நின்றது. பிறகு எல்லோருக்கும் ராக்கிச் சாராயம் ஊற்றினார். தன் கோப்பையை மட்டும் தொடவில்லை.

"நீ எந்த ஊருல பொறந்தே, பொண்ணே?"

"ஊரே இல்ல! பனியில, ரோட்டு மேல, ஒரு லாரிக்குள்ள," என்று சிரித்தாள் அர்கிரோ. "நீலமா இருந்தேனாம், செத்துட்டேன்னே நினைச்சாங்களாம்."

சிதெரிஸின் கோப்பை மேஜைக்கு இறங்கியது.

"யார் லாரி?"

"என் லாரிதான்டா," என்றார் யாகோவோஸ்.

"சாகப்போற குழந்தைன்னு... ஞானப்பா, நீங்க தூக்கினீங்களா?"

அர்கிரோவின் சிரிப்பும் நின்றது. அவளும் இந்தத் தீவின் முறை தெரிந்தவள்தான்.

கிழவர் எழுந்துபோய் சுவரிலிருந்த மாதா படத்தின்மேல் கை வைத்தார். "தூக்கினேன். பிதா பேரால ஒண்ணு. மகன் பேரால ரெண்டு. மூணாவது தூக்கறதுக்குள்ள இவ கத்திட்டா. பொழைச்ச பிள்ளைக்கு எதுக்குன்னு இறக்கிட்டேன். பாதியில விட்டது கணக்குல சேராது." மொஸ்கூலா பக்கம் திரும்பினார். "நீ பக்கத்துலதானே இருந்தே, தங்கச்சி. ரெண்டுதானே?"

மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள். அன்று மூன்று ஆமென் சொன்ன வாய் அவளுடையது.

"ரெண்டுதான், அண்ணே," என்றாள்.

சிதெரிஸ் ஓடிப்போய்க் கிழவரை அலாக்காகத் தூக்கினான். "மனுஷனைக் கொன்னுட்டீங்களே! இதுக்காகவே கிரீடத்தை நீங்கதான் மாத்தணும்."

"அதை மட்டும் கேக்காதே."

"என்ன?"

"வேற ஆளைப் பாரு."

கெஞ்சினான். கோபித்தான். ஞானப்பாவே மறுத்தால் ஊர் என்ன பேசும் என்று கேட்டான். கிழவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் சிதெரிஸ் அர்கிரோவைக் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வெளியேறினான்.

மொஸ்கூலா குனிந்து அவருடைய மூன்று விரல் கையை முத்தமிட்டாள்.

"போம்மா. பொய்ச் சத்தியம் பண்ணின கை கிரீடத்தைத் தொடக் கூடாது. அவன் என்னைத் திட்டினா திட்டட்டும்," என்றார் யாகோவோஸ். "எனக்காகப் பரிஞ்சு மட்டும் பேசிடாதே."

வளைவுகளில் சிதெரிஸ் வண்டியை விரட்டினான். "இனி அந்தாளு செத்தாலும் அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன். நீங்களே சொல்லுங்க அத்தை, நான் அவருக்கு என்ன குறை வச்சேன்?"

"நீ ஒரு குறையும் வைக்கல, தம்பி," என்றாள் மொஸ்கூலா. "ரோட்டைப் பார்த்து ஓட்டு."