முன்னால் பார்க்கும் வாத்து

டூகல் மன் கடைசித் திருகாணியை முறுக்கிவிட்டு எழுந்தபோது, கேப்டனுக்காகக் கட்டிய அறையில் ஒரு குழந்தைத் தொட்டில் நின்றுகொண்டிருந்தது. கப்பல், ஜெர்மன் நீர்மூழ்கிகளை வேட்டையாடப் போகும் நாசகாரிக் கப்பல். தொட்டில், அந்தக் கப்பலின் கதவுகளுக்கென்று அரசாங்கம் அனுப்பிய தேக்கு. பக்கப் பலகையில் ஒரு வாத்து.

கிளைடு ஆற்றங்கரைக் கப்பல்பட்டறைகளில் இது திருட்டில் சேர்த்தியில்லை. பட்டறைச் சரக்கில் சொந்த வீட்டுக்கு எதையாவது செய்துகொள்வதற்கு 'வீட்டுவேலை' என்று பெயர். பெயின்ட்காரர்கள் தெருவில் கழிவறைக் கதவுகள் எல்லாமே போர்க்கப்பல் சாம்பல் நிறத்தில்தான் இருந்தன; விமானத்திலிருந்து பார்த்தால் ஒரு கடற்படைப் பிரிவு ஒதுங்கியிருப்பதுபோல் தெரியும். செய்வதில் சிக்கலில்லை, வாசல் காவலரைத் தாண்டுவதில்தான். துண்டு துண்டாகக் கோட்டுக்குள் கொண்டுபோயிருக்கலாம். ஆனால் ஒருமுறை பூட்டிப் பார்க்காமல் எந்தத் தச்சனுக்குத் தூக்கம் வரும்? அதுவும் கூட வேலை செய்யும் ராப் டூலிஸ் பக்கத்தில் நின்று பார்க்கும்போது.

"வாத்து ஏண்டா உன் மாமியார் மாதிரி முறைக்குது?" என்றான் ராப்.

"அவங்க வந்து பாத்தா பேச்சுத் துணைக்கு ஆகும்ல."

மனைவி நெட்டாவுக்கு எட்டாம் மாதம். கடைகளில் தொட்டில் கிடையாது. மரமெல்லாம் கடற்படைக்குப் போய்விட்டது. "என் பேரப்பிள்ளை தரையிலதான் படுக்கணும்னு எழுதியிருக்கு" என்று மாமியார் மிசஸ் கில்கிறிஸ்ட் பெருமூச்சு விட்ட அன்றுதான், தானே செய்து காட்டுவதாக டூகல் வாக்குக் கொடுத்தான்.

பூட்டிய தொட்டிலை நாளைக்குக் கழற்றிக்கொள்ளலாம் என்று அவன் வீட்டுக்குப் போனான். கடற்படைக்கு அவனைவிட அவசரம். மறுநாள் அவன் வந்தபோது துறையில் தண்ணீர் மட்டும் இருந்தது.

"போருக்குப் போயிருக்குடா," என்று ராப் அவன் தோளில் கை வைத்தான். "நீ பெருமைப்படணும்."

குழந்தை இஷ்பெல், நெட்டாவின் துணி அலமாரியில் அடி இழுப்பறையில் படுத்தாள். அந்தத் தெருவில் பாதிப் பேர் அப்படி வளர்ந்தவர்கள்தான். ஆனால் அவர்கள் யாருடைய அப்பாவும் வாக்குக் கொடுக்கவில்லை.

"வளந்ததும் மேல் தட்டுக்கு மாத்துவீங்களா மாப்ளே?" என்று மாமியார் மரியாதையாகவே கேட்டார்.

வசந்தத்தில் அந்தக் கப்பல் மூக்கு நசுங்கிப் பழுதுபார்க்க வந்தது. காலுறைக்குள் திருப்புளியோடு டூகல்தான் முதலில் ஏறினான். கேப்டன் அறையில் தொட்டில் தரையோடு சேர்த்து முடுக்கப்பட்டிருந்தது. உள்ளே கடல் வரைபடங்கள், தொலைநோக்கி, பாதி தின்ற பிஸ்கட். முன்னால் மண்டியிட்டு அளந்துகொண்டிருந்தார், பட்டறையின் வரைபட அலுவலகத்து இளைஞர் கிரைட்டன்.

"எவ்வளவு பெரிய அலை அடிச்சாலும் இதுலேர்ந்து ஒண்ணும் கீழ விழுந்ததில்ல," என்றார் கேப்டன். "எவனோ பெரிய மூளைக்காரன் யோசிச்சிருக்கான். எல்லாக் கப்பலுக்கும் வேணும்னு லண்டனுக்குச் சொல்லிட்டேன்."

"அப்படித்தான் இருக்கணும் சார்," என்றான் டூகல்.

கேப்டன் போனதும் கிரைட்டன் குரலைத் தாழ்த்தினார். "இந்தப் பறவை எதுக்குப்பா?"

"எனக்கென்ன சார் தெரியும். நீங்கதான் படிச்சவங்க."

கிரைட்டன் வாத்தையும் வரைந்தார். லண்டனில் படம் மேசை மேசையாக ஏறியது. வாத்து எதற்கு என்று கேட்டால், அதுவரை தனக்குத் தெரியாமல் இருந்தது வெளியே தெரிந்துவிடும். யாரும் கேட்கவில்லை. அடுத்து கட்டும் கப்பல்கள் ஒவ்வொன்றிலும் 'தடுப்புள்ள வரைபடத் தாங்கி, பறவையுடன்' வைக்கும்படி உத்தரவு வந்தது. வேலை டூகலுக்கே விழுந்தது.

இப்போது அவன் பட்டப்பகலில், ஓவர்டைம் வாங்கிக்கொண்டு, தொட்டில் மேல் தொட்டிலாகச் செய்தான். ஒன்றையும் வீட்டுக்குக் கொண்டுபோக வழியில்லை. அப்போதுதான் ஆய்வாளர் தப்பென்று கழித்துவிடும் சாமான் ஞாபகம் வந்தது. அதை விறகென்று சொல்லி வாசல் வழியாகவே தூக்கிப் போகலாம். காவலரே ஒரு கை பிடிப்பார். அளவில் தப்பு செய்ய அவன் கை ஒப்பவில்லை. அதனால் கடைசித் தொட்டிலில் வாத்தை மட்டும் திருப்பிச் செதுக்கினான்.

கடற்படை ஆய்வாளர் பூல் கேப்டன் அறையில் தொட்டில் முன்னால் நின்று, வரைபடத்தைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"வாத்து பின்னால பாக்குதே."

"தப்புதான் சார். விறகுக்குப் போட்டுடலாம்." முகத்தை முடிந்தவரை தொங்கப்போட்டிருந்தான்.

"போர்க்கப்பல்ல பின்னால பாக்குற எதுவும் இருக்கக்கூடாது. மாலுமிங்க மனசு என்னாகும்?"

"அதேதான் சார்."

பூல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"அவசரப்படாதப்பா. நல்ல தேக்கு. இந்தக் கப்பல்ல மட்டும் இடது சுவருக்குப் பதிலா வலது சுவத்துல சாத்தி வை. முன்னாலதான் பாக்கும்." வாத்தின் வயிற்றில் அரசாங்க முத்திரையை அடித்துவிட்டு, "நாட்டுக்காக ஒரு தொட்டில மிச்சம் புடிச்சோம்" என்றார். சொன்னபிறகு, என்ன சொன்னோம் என்று யோசிப்பவர்போலக் கொஞ்சம் நின்று, போய்விட்டார்.

சாயங்காலம் டூகல் எல்லாவற்றையும் சொன்னான். நெட்டா மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மிசஸ் கில்கிறிஸ்ட் சிரிக்கவில்லை. இஷ்பெல் இழுப்பறைக்குள் உட்கார்ந்து, இரண்டு பக்க விளிம்பையும் பிடித்துக்கொண்டு, கப்பல் கிளம்பட்டும் என்பதுபோல ஆடிக்கொண்டிருந்தாள்.

டூகல் உளியை எடுத்துக்கொண்டு இழுப்பறை முன்னால் மண்டியிட்டான்.

"அது எங்கம்மா குடுத்த அலமாரி, மாப்ளே."

"வாத்து எந்தப் பக்கம் பாக்கணும்?" என்று அவன் நெட்டாவைக் கேட்டான்.

ஒரு பக்கம் தெருக்கதவு, மறுபக்கம் மாமியார் நாற்காலி. நெட்டா இரண்டையும் பார்த்தாள்.

"கதவுப் பக்கமே பாக்கட்டும்ங்க."

மரச்சுருள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தது. கழுத்து வந்துவிட்டது. இஷ்பெல் விளிம்புக்கு மேல் குனிந்து, அலகு வரவேண்டிய இடத்தில் தன் விரலை வைத்து அழுத்திக்கொண்டாள். டூகல் உளியைத் தூக்கிப் பிடித்தபடி, அவள் எடுக்கட்டும் என்று காத்திருந்தான்.