மாத்துண்ணி வீட்டுக் கறுப்புக்கொடி

அன்று முற்றத்தில் இருந்தவர்கள் வீட்டுக்கு மூத்தவரான மாத்துண்ணி, அவருடைய தம்பி மகள் லிசம்மா, கேமராக்காரன் ஷிபு, சவப்பெட்டிக்குள் படுத்திருந்த ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கும் பைலி.

பைலிக்கு உயிர் இருந்தது. மாத்துண்ணியின் கோபமே அதுதான்.

"உயிரோட இருக்கிறவனை என் முற்றத்துல கிடத்துவியா? எடுடீ பெட்டியை!"

மஸ்கட்டில் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸாக இருந்த லிசம்மா, வேலையை உதறிவிட்டுப் படமெடுக்க வந்தவள். மிச்சமிருந்தது இந்தச் சாவுக் காட்சி ஒன்றுதான். உறவினராக நடிக்க வேண்டிய நாடகக்காரர்கள் வரவில்லை. ஷிபுவோ மறுநாள் வேறு வேலைக்குப் போகிறான்.

"ஒரு மணி நேரம் குடுங்க, பெரியப்பா."

"நோயாளிகளைப் பார்த்தே காலம் போச்சு. இனி பிணத்தையும் படம் பிடிக்கணுமா? குடும்பப் பேர் என்னாகும்?"

"சண்டையைச் சீக்கிரம் முடிங்க சேட்டா, எறும்பு கடிக்குது" என்றான் பைலி.

காட்சிக்காக ஷிபு தெருமுனையில், சாவு வீட்டுக்கு வழி காட்டும் கறுப்புக்கொடி கட்டியிருந்தான். அந்த ஊரில் கொடியைக் கண்டால் எந்த வீடு என்று பார்ப்பார்களே தவிர, யார் என்று கேட்க நிற்கமாட்டார்கள். ஞாயிறு பூசை முடிந்த கூட்டம் நேராக உள்ளே வந்துவிட்டது. முன்னால் வந்த சாராம்மா மாத்துண்ணியைக் கண்டு சிலுவை போட்டுக்கொண்டாள்.

"கர்த்தாவே! நீங்கதான்னு வழியெல்லாம் அழுதுட்டு வந்தேனே!"

"அழுததை வரவு வச்சுக்க. ஒருநாள் உதவும்."

"கேமராவை ஓடவிடட்டுமா சேச்சி?" ஷிபு கிசுகிசுத்தான். "தானா வந்த கூட்டம்."

லிசம்மா லென்ஸைக் கையால் மூடினாள். இது சினிமா என்று எல்லோருக்கும் சொல்லி மன்னிப்புக் கேட்டாள்.

"போச்சு" என்றான் ஷிபு.

"நினைவில்லாத நோயாளியைக்கூட நான் சொல்லாம தொட்டதில்லை. இவங்க முழிச்சுட்டிருக்காங்கடா."

மாத்துண்ணி அவளையே பார்த்தார்.

"நினைவில்லாதவங்ககிட்ட என்னன்னு சொல்லுவே?"

"இப்ப கையைத் தொடப்போறேன்னு."

"அவங்களுக்குக் கேக்குமா?"

"தெரியாது. ஆனா சொல்லிடுவேன்."

மாத்துண்ணி கூட்டத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"மறைக்காம சொல்லிட்டா. இஷ்டமிருக்கிறவங்க பெட்டியைச் சுத்தி நில்லுங்க. இல்லாதவங்க காப்பி குடிச்சிட்டுப் போங்க."

ஒருவரும் போகவில்லை.

மாத்துண்ணி பிணமாக நடித்தார் என்று பாலா டவுன் வரைக்கும் பேச்சு. அது பொய். படுத்திருந்தவன் பைலி. மாத்துண்ணி தலைமாட்டில் நின்றார். சாவு வீட்டில் மூத்தவர் நிற்கும் இடம் அது.