துணி கட்டியவன்

வாகனக் கதவைச் சாத்தப் போன நிப்ராஸின் கையை அன்ரோனெற் எட்டிப் பிடித்தாள்.

"தம்பி, ட்ரோன் எடுத்ததைப் போடு. இப்ப."

"அக்கா, எல்லாத்தையும் கழட்டிப் பையில வச்சிட்டன். பின்னேரம் வட்ஸப்பில அனுப்பிவிடுறன்."

"பின்னேரம் வேண்டாம். இப்ப போடு."

ஓடி வந்த ஓட்டத்தில் அவள் சேலைக் கரை முழுக்க ஈர மணல். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை முதுகுப் பக்கம் போயிருந்தது. நிப்ராஸ் மன்னார் டவுனில் கல்யாண வீடியோ எடுக்கிறவன். அழுகிற பொம்பிளைகளையும் மோதிக்கொள்கிற மாமன்மாரையும் பார்த்துப் பழகியவன். இந்த மாதிரி ஒரு முகத்தை அவன் பார்த்ததில்லை. மறுபேச்சில்லாமல் மடிக்கணினியைத் திறந்தான்.

மணி பன்னிரண்டு பத்து. ஓலைத்தொடுவாய்க் கடற்கரையில் போட்டிருந்த வெள்ளைப் பந்தலுக்குள் கூட்டம் இன்னும் முடியவில்லை. உலகக் காலநிலை மாநாட்டுக்கு மூன்று கிழமைதான் இருந்தது. அதற்கு முன்னோட்டமாக ஆறு நாட்டுப் பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். காலையில் முப்பத்தெட்டுப் படகுகள் கடலில் ஒரே வரிசையாக நிற்க, ஆட்கள் எழுந்து ஐந்து நிமிடம் வெள்ளைத் துணி ஆட்டினார்கள். ட்ரோன் மேலே பறந்து படம் பிடித்தது. மாநாட்டு மண்டபத்தின் பெரிய திரையில் அந்தப் படம் ஓடும். அதைப் பார்த்து உலகம் மனமிரங்கும். மனமிரங்கினால் ஓலைத்தொடுவாய்க்கு ஒரு கல்லணை வரும். பதினெட்டு வீடுகளைக் கடல் வாசலில் வந்து கூப்பிட்டுக்கொண்டிருந்த ஊருக்கு அந்தக் கல்லணைதான் வேண்டும்.

"எங்கையிருந்து போட?"

"பத்தே காலில இருந்து."

திரையில் நீலக் கடல் விரிந்தது. வெள்ளைத் துணிகள் படபடத்தன. வரிசையின் மேற்குக் கோடியில் ஒரு சின்ன பைபர் படகு மட்டும் கோட்டை விட்டு வெளியே நழுவிக்கொண்டிருந்தது.

"அதைப் பெருப்பி."

"இதோ? இந்தாள்தான் அக்கா இண்டைக்கு ஹீரோ. எல்லாரையும் விட நல்லா ஆட்டினவர். மேடம் ஆக்களுக்கு அனுப்பின முதல் படமே இவரின்ரதான்." நிப்ராஸ் பெருப்பித்தான். "ஆர் இவர்?"

"மில்ரன். என்ர தங்கச்சி றொஷேலின்ர மனிசன்."

"ஏன் கட்டைக் காற்சட்டையோட நிக்கிறார்?"

படமே சொன்னது. மில்ரன் கையில் வெள்ளைத் துணி இல்லை. இரண்டு கையாலும் ஒரு தடியைத் தூக்கிப் பிடித்திருந்தான். தடியின் நுனியில் கட்டியிருந்தது அவன் இடுப்பிலிருந்து அவிழ்த்த, நீலக் கோடு போட்ட சாரம். படகின் பின்பக்கம் தண்ணீரோடு தண்ணீராகத் தாழ்ந்திருந்தது.

டவுன்காரனுக்கு அது விளங்கவில்லை. அந்தக் கரையில் கடலுக்குப் போகிறவர்களுக்குத் தடியில் துணி கட்டினால் ஒரே ஒரு அர்த்தம்தான்: முடியவில்லை, ஓடி வா. பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். பெண்சாதியிடம் வாங்கிக் கட்டுகிறவனைக்கூட "அவன் துணி கட்டிப்போட்டான்" என்றுதான் நக்கலடிப்பார்கள்.

"பிறகு?" என்றாள்.

"பிறகு இல்லை அக்கா. பத்து இருபத்தொண்டுக்குக் கரையில நிக்கிற விருந்தாளியளை எடுக்கச் சொன்னவை. திருப்பிட்டன்."

அவள் பந்தலை நோக்கி ஓடினாள்.

மீனவர் சங்கத் தலைவர் லோறன்ஸ், மகனின் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டோடு பந்தல் வாசலில் நின்றிருந்தார். வேர்வை காதோரம் வழிந்தது. அவள் சொல்லச் சொல்ல அவர் கண் உள்ளேயே இருந்தது.

"அவன் மீன்வாடிப் பக்கத்தால போட்டை ஏத்தியிருப்பான், பிள்ளை. ஆரும் ஒரு கரையாலயா வந்தவை? வந்தவை வந்த இடத்தில ஏத்திப்போட்டு சோத்துப் பாசலுக்கு ஓடி வந்திட்டினம்."

"வாடியைப் போய்ப் பாத்திட்டுத்தான் வாறன். போட் இல்லை, அண்ணை."

"பெரியாக்கள் பன்னிரண்டே முக்காலுக்குப் போயிடுவினம். அரை மணித்தியாலம் பொறு. இப்ப குழப்பினா கல்லணையும் போச்சு, நாங்களும் போனம்."

"உங்கட மகன் எண்டாலும் அரை மணித்தியாலமோ?"

லோறன்ஸ் வழியை விட்டு விலகினார்.

மேடையில் குழுத் தலைவி இங்கிரிட், கடலுக்கு எல்லையில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அன்ரோனெற்தான் அவளுக்கு வாயும் காதும். சங்கக் கந்தோரில் வேலை செய்கிறவர்களில் ஆங்கிலம் தெரிந்தது அவளுக்கு மட்டும். அதனால் அவள் மேடையேறியதும் இங்கிரிட் புன்னகையோடு மைக்கை நீட்டினாள்.

"மில்ரன் துணி கட்டினவன்," என்றாள் அன்ரோனெற் தமிழில். "பத்தே காலுக்குக் கட்டினவன். இன்னும் வரேல்லை. எஞ்சின் இருக்கிறவை இறக்குங்கோ."

பந்தலில் கதிரைகள் சரிந்தன. பாதி தின்ற பாசல்கள் மணலில் விழுந்தன. கோடு போட்ட சேட்டும் அயன் பண்ணின சாரமுமாக அறுபது எழுபது ஆண்கள் கடலை நோக்கி ஓடினார்கள்.

வெளிநாட்டு விருந்தாளிகள் இது நிகழ்ச்சியின் அடுத்த அங்கம் என்று நினைத்தார்கள். கை தட்டினார்கள். மொழிபெயர்க்க வேண்டியவள் மேடையை விட்டுக் குதித்துப் போய்விட்டாள்.

பக்கீர் நானாவின் படகுதான் முதலில் தண்ணீரில் இறங்கியது. அன்ரோனெற் இடுப்பளவு கடலில் நடந்து போய் ஏறினாள். பொம்பிளை ஏறக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அவர் எஞ்சின் கயிற்றை இழுத்தார்.

"மேற்குக் கோடியில நிண்டவன்," என்றாள். "அங்கையிருந்து வெளியால இழுபட்டிருக்கிறான்."

"அங்க போய்ப் பிரயோசனமில்ல. சோளகம் விட்டு வாடை பிடிக்கிற மாசம். பத்து மணிக்கே காத்து மாறிட்டுது. அவன இந்தப் பக்கத்தாலதான் கொண்டு போயிருக்கும்."

அவர் எஞ்சினைத் திருப்பினார். வேறு பதினைந்து படகுகள் விசிறிபோலப் பிரிந்தன.

பத்து நாளைக்கு முன் இதே மனிதர் சங்கக் கந்தோர் வாசலில் நின்று சொன்னார். கடலில் துணி ஆட்டுவது விளையாட்டில்லை, பிள்ளை, வேறு ஏதாவது செய்யச் சொல்லு, பலூன் பிடிக்கச் சொல்லு என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த நிகழ்ச்சி நிரலில் துணி என்றுதான் இருந்தது. முப்பத்தெட்டுத் துணியும் அச்சடித்து வந்துவிட்டது. கையில் பிடித்துத்தானே ஆட்டப்போகிறார்கள், தடியிலா கட்டப்போகிறார்கள் என்று அன்ரோனெற் சொன்னாள். ஊருக்கு அந்த நியாயம் சரியாகப் பட்டது. ஐந்நூறு மீற்றர் தூரத்திலிருந்து மேலோட்டமாகப் பார்க்கிறவர்களுக்குக் கையும் தடியும் ஒன்றாகத்தான் தெரியும் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

"ஐஞ்சு நிமிசம்தானே நானா எண்டு சொன்னாய்," என்றார் பக்கீர், அவளைப் பார்க்காமல்.

"ஓம்."

"பக்கத்துப் போட்டில நிண்டது றமீஸ். போட்ட இறக்கேக்க அவனக் கேட்டன். ட்ரோனைப் பாத்துக்கொண்டு நிக்கச் சொன்னவங்க, முதுகுக்குப் பின்னால எனக்குக் கண்ணா இருக்கு எண்டு அழுறான். பொடியனில பிழையில்ல." எஞ்சின் சத்தத்துக்கு மேலால் அவர் குரலை உயர்த்தினார். "கரையில நிண்டவைக்குத்தான் நேரா தெரிஞ்சிருக்கும்."

அவள் கண்ணை நீரிலிருந்து எடுக்கவில்லை.

இரண்டு நாற்பதுக்குக் கண்டார்கள். முதலில் ஆமை முதுகு போல ஒரு வெள்ளை. கிட்டப் போனதும் அது கவிழ்ந்த படகின் அடி. பக்கீர் எஞ்சினை நிறுத்தினார். படகைச் சுற்றி மெல்லத் துடுப்பு வலித்தார்.

மில்ரன் மறுபக்கத்தில் இருந்தான். முகம் தண்ணீருக்குள். இடக் கை மட்டும் மேலே, படகோடு. நங்கூரக் கயிற்றை மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தான்.

"இன்னாலில்லாஹி," என்றார் பக்கீர் மெதுவாக.

அன்ரோனெற் சிலுவை போடக் கையைத் தூக்கினாள். நெற்றி வரை வரவில்லை.

"தப்புறதுக்குக் கட்டினதில்ல இது," என்றார் அவர். முடிச்சை அவிழ்க்க முடியாமல் கத்தியை எடுத்தார். "ஏலாது எண்டு தெரிஞ்ச பிறகு கட்டினது. உடம்பாவது வீட்ட போகட்டும் எண்டு. காணாமப் போனா பொண்டாட்டி எத்தின வருசம் கரையப் பாத்துக்கொண்டு இருக்கோணும்? அத யோசிச்சிருக்கான்."

இருவரும் இழுத்துப் படகில் ஏற்றினார்கள். பக்கீர் அவன் முழங்கையை மடக்கிப் பார்த்தார். மடங்கியது.

"விறைக்கேல்ல பிள்ளை. ஒரு மணித்தியாலம். கூடினா ஒண்டரை."

ஒரு மணிக்குப் பிறகுதான் உயிர் போயிருக்கிறது. பத்தே காலிலிருந்து ஒரு மணி வரை அவன் கரையைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறான். பந்தலில் ஒலிபெருக்கி பெரிது. பாட்டு அவனுக்கும் கேட்டிருக்கலாம்.

பின்னேரம் நாலரை மணிக்குப் பந்தலில் பாதியைப் பிரித்துவிட்டார்கள். மீதிப் பாதியின் கீழ் பாய் விரித்து மில்ரனைக் கிடத்தியிருந்தார்கள். அம்புலன்ஸ் மன்னாரிலிருந்து வந்துகொண்டிருந்தது. பொலிஸ் சாஜன் ஒருவர் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து, தொடையில் கொப்பியை வைத்து எழுதினார். மற்ற வாகனங்கள் போய்விட்டன. இங்கிரிட் மட்டும் போகவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஒரு தூணோரம் நின்றாள்.

றொஷேல் அழவில்லை. அவள் மடியில் கிடந்த போன் விடாமல் துடித்தது. கனடாவிலிருந்து சித்தி மாக்கிறட் ஒரு படம் அனுப்பியிருந்தாள். 'இது எங்கட மில்ரன்தானே? என்ன வடிவாக் கிடக்கு. உலகம் முழுக்கப் போகுது.' கீழே ஏழெட்டு இதயங்கள்.

படத்தில் மில்ரன் தடியைத் தூக்கிப் பிடித்து நிற்கிறான். வாய் திறந்திருக்கிறது. சிரிப்பது போலத்தான் இருக்கிறது. படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி.

"என்ன எழுதியிருக்கினம், அக்கா?"

"விடு, றொஷேல்."

"வாசியுங்கோ."

அன்ரோனெற் வாசித்தாள். "நாளைய உலகத்தை வாழ்த்தும் கைகள்."

றொஷேல் தலையை ஆட்டினாள், ஏதோ சாமான் விலை கேட்டு அறிந்தவள் போல. பிறகு சாஜனைப் பார்த்தாள், லோறன்ஸைப் பார்த்தாள், சுற்றி நின்ற சனத்தைப் பார்த்தாள்.

"கரையில முந்நூறு சனம் நிண்டது. குடையும் கமராவும் பாண்ட் வாத்தியமும். என்ர மனிசன் சாரத்தைக் கழட்டிக் கட்டி ஆட்டியிருக்கிறார். ஒருத்தரும் காணேல்லையோ?"

லோறன்ஸ் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் ஆட்டின நேரம், பிள்ளை. அதுக்குள்ள இது தெரியேல்லை. கண்டிருந்தா விட்டிருப்பமா? ஆரிலயும் குற்றம் சொல்லேலாது. கடல் கொண்டு போட்டுது."

"அப்ப அப்பிடியே போடட்டோ?" என்றார் சாஜன். "கரையில நிண்டவை ஒருத்தரும் காணேல்லை."

"ஓம், அப்பிடியே போடுங்கோ," என்றார் லோறன்ஸ்.

பேனை கொப்பியில் ஓடத் தொடங்கியது. இங்கிரிட் தூணை விட்டு ஒரு அடி முன்னால் வந்தாள். அவளுக்குத் தமிழில் ஒரு சொல்லும் விளங்காது. என்ன கேட்கிறார்கள் என்று அன்ரோனெற்றிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள். அன்ரோனெற் சாஜன் பக்கம் திரும்பினாள். அவளும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். காலையில் அந்தக் கரையில் இங்கிரிட்டுக்கும் அவளுக்கும் நடுவில் நடந்த பேச்சை வேறு யாரும் கேட்டதில்லை.

"எழுதாதேங்கோ, சாஜன்," என்றாள்.

பேனை நின்றது.

"நான் கண்டனான், றொஷேல். முதல் நிமிசத்திலேயே கண்டனான். தடி எண்டும் தெரிஞ்சது, சாரம் எண்டும் தெரிஞ்சது. இந்த மனிசியும் கண்டவ. எல்லாரும் கையால ஆட்டேக்க அந்தாள் மட்டும் ஏன் அப்பிடி ஆட்டுறார், ஏதும் பிரச்சினையோ எண்டு என்னட்டைக் கேட்டவ."

றொஷேல் போனைப் பாயில் வைத்தாள்.

"அதுக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள், அக்கா?"

"சந்தோசத்தில ஆட்டுறார் எண்டு சொன்னனான்."