சிமெண்ட் படகு

சிமெண்டில் படகா என்று கடலூர் துறைமுகமே சிரித்தபோது சகாய பிரியா மட்டும் சிரிக்கவில்லை. வீடு கட்டிக் கொடுக்கும் காண்ட்ராக்டர் அவள். கம்பியையும் கோழிவலையையும் வளைத்துப் பின்னி, மேலே சிமெண்ட் பூசிய அந்தப் பாய்மரப் படகை விரலால் தட்டிப் பார்த்தாள். கணீரென்றது. சொந்த நாட்டுக்குத் திரும்பும் அவசரத்தில் இருந்த வெள்ளைக்காரரிடமிருந்து, பள்ளித் தோழி இளமதியோடு சேர்ந்து வாங்கிவிட்டாள். இளமதி சிதம்பரத்தில் பல் டாக்டர். பாய் விரிக்க இருவருக்கும் அந்த வெள்ளைக்காரரே சொல்லிக் கொடுத்தார்.

முதன்முதலாகப் பரங்கிப்பேட்டை வரை போனார்கள். வெள்ளாற்று முகத்துவாரத்தில் படகு மணல்திட்டில் மோதிச் சாய்ந்தது. அடிப்பக்கம் கை நீளத்துக்கு விரிசல்.

"அய்யய்யோ, முழுகிப் போயிடுமாடி?" என்று இளமதி அலறினாள்.

"வாய மூடிக்கிட்டு அந்த சிமெண்ட் மூட்டையப் பிரி. கடல் பொங்கி ஆத்துல தண்ணி ஏறுறதுக்குள்ள பூசிப்புடலாம்."

சீக்கிரம் இறுகும் கலவையை இருவரும் கையாலேயே அப்பினார்கள். ஆற்றில் தண்ணீர் ஏறியது, படகும் எழுந்தது. சிமெண்ட் அப்பிய தலையோடு பஸ்ஸில் சிதம்பரத்தில் போய் இறங்கியவர்களைப் பார்த்து, இளமதியின் கணவர் முதலில் வெந்நீர்தான் போட்டார்.

அதற்குப் பிறகு எத்தனை சனிக்கிழமைகள்! இளமதி கிளினிக்கைப் பூட்டிவிட்டு பஸ் ஏறி வந்துவிடுவாள். கடலுக்கு நடுவே ஸ்டவ் பற்றவைத்து டீ போட்டால், அதில் மண்ணெண்ணெய் வாசம் கொஞ்சம் இருக்கும். கரையில் சொல்ல முடியாத வீட்டுக் கதையெல்லாம் அங்கேதான் பேசினார்கள்.

மகளுக்குப் பிரசவம் என்று இளமதி பெங்களூர் போனாள், அங்கேயே தங்கிவிட்டாள். தனியாகப் பாய் ஏற்றப் பிரியாவுக்கு மனம் வரவில்லை. உப்பனாற்றில் கட்டிக் கிடந்த படகில் துருக்கறை இறங்கியது. ஒருநாள் ஸ்க்ரூடிரைவரால் குத்தினாள். பூச்சு உதிர்ந்து, உள்ளே கம்பி பொடியாக வந்தது. வீடாக இருந்தால் இடித்துவிடுங்கள் என்று சொல்லியிருப்பாள்.

பக்கத்தில் வலை சரிசெய்துகொண்டிருந்த மணவாளன் கேட்டான்.

"ஒடைக்கவா போறீங்க அக்கா? கடல்ல எறக்கிப்புடலாமே. கல்லு மாதிரி கெடந்தா மீனு வந்து அடையும்."

மீன்வளத் துறையில் அனுமதி வாங்கியதும் இளமதியை வரச் சொன்னாள். எஞ்சின், எண்ணெய், பாய்மரம் எல்லாவற்றையும் கழற்றினார்கள். மணவாளன் தன் படகால் இழுத்துப் போனான். படகின் அடி ஓட்டையை அடைத்திருந்த தக்கையைப் பிடுங்கியது பிரியாதான். படகு அவசரப்படாமல் இறங்கியது. இளமதி அவள் தோளில் முகம் புதைத்துக்கொண்டாள்.

"நல்லா ஒழைச்சிச்சிடி," என்றாள் பிரியா.

அடுத்த மாசியில் மணவாளன் அந்த இடத்தில் தூண்டில் போட்டுவிட்டு, இரண்டு பெரிய களவா மீன்களோடு வாசலுக்கு வந்தான். பிரியா ஈரக் கையோடு பெங்களூருக்குப் போன் போட்டாள்.

"குடி வந்துட்டாங்கடி," என்றாள்.